சின்னத் தீவுக்கு முதலில் வேண்டியது நீளமான ரன்வேயா?

கரையோரன்

சில நூறு பேரோ இரண்டு மூவாயிரம் பேரோ வாழும் தீவுகளில், அரசு நடத்தும் சிறு விமான நிலையங்களைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. இப்படிப்பட்ட இடங்களில் கூட்டம் எங்கே நடந்தாலும் முதலில் எழும் கோரிக்கை ஒன்றுதான்: "ரன்வேயை நீட்டுங்கள்." கேட்பவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் பெரும்பாலான தீவுகளுக்கு அது முதல் கோரிக்கையாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கரீபியனில் சபா தீவு இருக்கிறது. 1963 முதல் அங்கே விமான நிலையம் உண்டு. ரன்வே 400 மீட்டர்தான், இரு முனையிலும் கடலை நோக்கிய செங்குத்துச் சரிவு. ஜெட் எதுவும் இறங்க முடியாது. 19 இருக்கை ட்வின் ஆட்டர் விமானம்தான் பல பத்தாண்டுகளாக அந்தத் தீவை வெளியுலகோடு இணைத்து வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் பாரா தீவில் தார் ரன்வேயே கிடையாது. விமானம் கடற்கரை மணலில் இறங்குகிறது, அலை ஏறினால் ரன்வே தண்ணீருக்குள் போய்விடும், அதனால் விமான அட்டவணையே ஓதத்தைப் பார்த்துப் போடப்படுகிறது. அங்கேயும் ட்வின் ஆட்டர்தான். அதே ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கிலோமீட்டர் தூரம், பறக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. 1967 முதல் ஓடும் சேவை, ஐலேண்டர் என்ற சிறு விமானத்தில். உலகின் மிகக் குறுகிய விமானப் பயணம் என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள், ஆனால் அந்தச் சேவையை நம்பி இருப்பவர்கள் ஆசிரியர்களும் நோயாளிகளும்.

இந்த மூன்று இடங்களிலும் தீவின் அளவுக்கும் தேவைக்கும் பொருந்திய விமானம் ஓடுகிறது. முதலில் முடிவு செய்ய வேண்டியது அதைத்தான். எந்த விமானம், வாரத்தில் எத்தனை நாள், போன நாளே திரும்ப முடியுமா, இரவில் நோயாளியை ஏற்ற முடியுமா. இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகு ரன்வேயின் நீளத்தைப் பேசலாம். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

தீவுக்காரி

எனக்கு முழு மாற்றுக் கருத்துதான் அண்ணா. நான் சின்ன ரன்வே உள்ள தீவில் வாழ்ந்தவள். ஒன்பது இருக்கை விமானத்தில் டிக்கெட் கிடைக்காமல் குடும்பத்தில் ஒருவருடைய இறுதிச் சடங்குக்குப் போக முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். காற்று கொஞ்சம் திரும்பினால் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் பறப்பார்கள். நம்மையும் தராசில் நிற்க வைத்து எடை பார்ப்பார்கள். அது பாதுகாப்புக்காக என்று தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் "சின்ன விமானமே போதும்" என்று வெளியில் இருப்பவர்கள் சொல்லும்போது மனசு வலிக்கிறது.

இன்னொன்றும் யோசிங்க. நீங்க சொல்ற ட்வின் ஆட்டரும் ஐலேண்டரும் முதன்முதலா பறந்தது 1965-ல். அந்த வயசு வடிவமைப்பை நம்பி இன்னும் ஐம்பது வருஷம் ஓட்ட முடியுமா? 800 மீட்டர் ரன்வேக்குன்னே ஏடிஆர் கம்பெனி 42-600எஸ்-னு ஒரு விமானத்தை உருவாக்கிட்டு இருந்தது. 2024-ல் அதைக் கைவிட்டுட்டாங்க. ஆஸ்திரேலியாவோட லார்ட் ஹாவ் தீவுக்குப் போன டேஷ் 8-200 விமானத்தோட தயாரிப்பு நின்று வருஷக்கணக்கு ஆகிடுச்சு. சின்ன ரன்வேக்கு ஏத்த விமானத்தை உலகம் செய்யாம விட்டுக்கிட்டே வருது. அப்போ ரன்வேதானே மாறணும்?

எதிர்காற்று

டர்போபிராப், அதாவது டர்பைன் எஞ்சினால் சுழலும் புரொப்பெல்லர் உள்ள விமானம், ஓட்டியவன் என்ற முறையில் கணக்கைச் சொல்கிறேன். நீளம் பற்றிய பேச்சில் இது தெரியாமல் போனால் இரு தரப்பும் காற்றில் கத்தி வீசுவதாக ஆகிவிடும்.

ரன்வே 1,200 மீட்டர் என்றால் விமானத்துக்கு 1,200 மீட்டரும் கிடைக்காது. பயணிகள் சேவையில், விமானம் இறங்கி முழுதாக நிற்கத் தேவைப்படும் தூரம் ரன்வேயின் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். ஜெட்டுக்கு அந்தப் பங்கு 60 சதவீதம். டர்போபிராப்புக்குப் பல நாடுகளில் 70. அதாவது 840 மீட்டர். ரன்வே ஈரமாக இருந்தால் தேவையை மேலும் 15 சதவீதம் கூட்டிக் கணக்கிட வேண்டும், அப்போது சுமார் 730 மீட்டர்தான் கையில். வெப்பம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும், எழும்புவதற்கு இன்னும் தூரம் வேண்டும். பின்காற்று சில நாட் (காற்றின் வேகத்தை அளக்கும் அலகு) இருந்தாலே கணக்கு கெட்டுவிடும். லட்சத்தீவின் அகத்தி ரன்வே கிட்டத்தட்ட இந்த 1,200 மீட்டர் வகைதான். ஏடிஆர் வருகிறது, ஆனால் எடையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

தீவுக்காரி அம்மா சொன்ன பெட்டி இறக்கும் விஷயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தீவில் இறங்க முடியாவிட்டால் வேறு எங்கே போவது? பக்கத்தில் மாற்று விமான நிலையம் இருந்தால் அதுவரை போகும் எரிபொருள் போதும். தனித்துக் கிடக்கும் தீவு என்றால், ஜெட், டர்போபிராப் போன்ற டர்பைன் விமானம் தீவுக்கு மேலே வந்து சேர்ந்த பிறகும் இரண்டு மணி நேரம் பறக்க எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் பன்னாட்டு விதி. அந்த எரிபொருளின் எடைக்கு ஈடாகப் பயணியோ பெட்டியோ இறங்க வேண்டும். ரன்வேயை 200 மீட்டர் நீட்டினால் இந்தச் சுமையில் ஒரு பகுதியைத் தாங்கலாம். ஆனால் தீவில் நம்பகமான வானிலைக் கருவி இருந்து, மேக மட்டமும் காற்றும் புறப்படும் முன்பே சரியாகத் தெரிந்தால், பாதி வழியில் திரும்பும் பறப்புகளே குறையும். இதற்கு ஆகும் செலவு, கடலை நிரப்பி ரன்வே போடும் செலவில் சிறு துளி.

கற்காரை

கட்டுமானத் துறையில் இருக்கிறேன். "200 மீட்டர் நீட்டினால்" என்று நண்பர் எளிதாகச் சொல்லிவிட்டார். சிறு தீவில் அந்த 200 மீட்டர் பெரும்பாலும் கடலுக்குள்தான் இருக்கும்.

ரன்வேயின் முனையோடு வேலை முடியாது. முனைக்கு அப்பால் 60 மீட்டர் சமதளப் பட்டை வேண்டும். அதற்கும் அப்பால், ஓடிப்போகும் விமானம் உடையாமல் நிற்க ஒரு பாதுகாப்புப் பகுதி வேண்டும். 1,200 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள ரன்வேக்கு அது குறைந்தது 90 மீட்டர், பரிந்துரை 240 மீட்டர். பல பழைய தீவு ரன்வேக்களில் இந்தப் பகுதியே முழுசாக இல்லை. ஆக, நீங்கள் கடலில் புதிதாக 200 மீட்டர் நிரப்பினாலும் விதிப்படி பார்த்தால் அதில் பெரும்பகுதி பாதுகாப்புப் பகுதிக்கே போய்விடலாம். அறிவிக்கப்படும் ரன்வே நீளம் ஒரு மீட்டர்கூடக் கூடாமல் போகலாம். மக்களுக்கு இதை யாரும் முன்கூட்டியே விளக்குவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

பவளத்தீவு என்றால் ஜல்லி இல்லை, ஆற்று மணல் இல்லை. எல்லாம் படகில் வர வேண்டும். தார் கலக்கும் ஆலையைக் கொண்டுவந்து நிறுத்தி, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். அதனால் பத்து வருஷம் கழித்து மேற்பரப்பு பெயர்ந்தால் சின்ன ஒட்டுவேலைக்குக்கூட ஆலை இருக்காது. உப்புக் காற்றில் விளக்குகளின் இணைப்புகள், வேலிக் கம்பிகள், ஜெனரேட்டர் எல்லாம் அரிக்கும். திட்ட மதிப்பீட்டில் கட்டும் செலவு பெரிய எழுத்தில் இருக்கும், பராமரிப்பு கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கும்.

அதே சமயம் ரன்வே என்பது தீவில் பறப்பதற்கு மட்டும் பயன்படுவதும் இல்லை. மார்ஷல் தீவுகளின் மஜூரோவில் விமான நிலைய ரன்வேயில் விழும் மழைநீரைத்தான் வடித்துச் சேர்த்து ஊருக்குக் குடிநீராகக் கொடுக்கிறார்கள். ஆறும் ஏரியும் இல்லாத இடத்தில் அவ்வளவு பெரிய கெட்டித் தரை வேறு எங்கே கிடைக்கும்? வடிகாலைத் திட்டமிடுபவர்கள் இதை முதல் நாளிலேயே யோசிக்க வேண்டும்.

தீவுக்காரி

@கற்காரை, பாதுகாப்புப் பகுதி விஷயம் எனக்குப் புதுசு. நன்றி. ஆனா செலவு அதிகம்ங்கறது செய்யக்கூடாதுன்னு ஆகிடாது இல்லையா? செயின்ட் ஹெலினாவுக்குச் செய்தார்களே.

கற்காரை

செயின்ட் ஹெலினாவைச் சொன்னதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த இழைக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

தென் அட்லாண்டிக்கில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் தீவு அது. அதுவரை கப்பல் மட்டும்தான். பிரிட்டிஷ் அரசு 28.5 கோடி பவுண்டு செலவில் விமான நிலையம் கட்டியது. சமதளம் கிடைக்காததால் ஒரு பள்ளத்தாக்கையே சுமார் 80 லட்சம் கன மீட்டர் பாறையும் மண்ணும் கொட்டி நிரப்பினார்கள். பொறியியல் ரீதியாக அபாரமான வேலை. ரன்வே 1,950 மீட்டர், போயிங் 737 ஜெட் வரும் என்பது திட்டம். 2016 ஏப்ரலில் 737 சோதனைப் பறப்பு வந்தது. வடக்கிலிருந்து இறங்கும்போது செங்குத்துப் பாறைகளின் மேலே காற்று திடீர் திடீரென்று திசையும் வேகமும் மாறியது. விண்ட் ஷியர் என்பது இதுதான். மே மாதம் நடக்க இருந்த திறப்பு விழா தள்ளிப்போனது. பயணிகள் சேவை 2017 அக்டோபரில்தான் தொடங்கியது, அதுவும் சிறிய எம்ப்ரேயர் 190 விமானத்தில், இருக்கைகளைக் குறைத்து.

நீளம் போதுமான அளவு இருந்தது. குறைவாக இருந்தது காற்றைப் பற்றிய அறிவுதான். நீளத்தைத் தாண்டியும் கேள்விகள் உண்டு என்று நான் சொல்ல வருவது இதனால்தான்.

எதிர்காற்று

ஆமாம். அதே சமயம் அந்தத் தீவு மக்களுக்கு அது வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பயணிகள் சேவை தொடங்கும் முன்பே, 2016 ஜூனில், அங்கிருந்து ஒரு நோயாளியைச் சிறு விமானத்தில் வெளியே கொண்டுபோனார்கள். கப்பல் மட்டும் இருந்தபோது அப்படி ஒன்றை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

நுரைவண்டி

நான் விமான நிலையத் தீயணைப்புப் பிரிவு. நீளம், காற்று எல்லாம் பேசினீர்கள். எங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே.

தீயணைப்புத் தரம் விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. ஐலேண்டர் 11 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, தரம் 2. ட்வின் ஆட்டர் 16 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, தரம் 3. ஏடிஆர் 42 தரம் 4. ஏடிஆர் 72 வந்தால் தரம் 5. வழக்கமான பி வகை நுரைக்கு, தரம் 3-க்கு 1,200 லிட்டர் தண்ணீர் போதும். தரம் 5-க்கு 5,400 லிட்டர். ஒரு படி பெரிய விமானம் வந்தால் வண்டி மாறும், நுரைக் கையிருப்பு மாறும், ஆட்கள் எண்ணிக்கை மாறும், பயிற்சி மாறும். குறைந்த பறப்புகள் உள்ள இடத்தில் ஒரு தரம் கீழே வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, ஆனாலும் ரன்வேயின் எந்த முனைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்து நுரை அடிக்க வேண்டும் என்பதில் சலுகை கிடையாது.

சிறு தீவில் இந்த ஆட்கள் யார்? காலையில் ரன்வே முழுக்க வண்டியில் போய்க் கல், பறவை, உடைந்த விளக்கு இருக்கிறதா என்று பார்ப்பவரும், பெட்டி ஏற்றுபவரும், விமானம் இறங்கும்போது தீயணைப்பு உடை போட்டு வண்டியில் உட்காருபவரும் ஒரே ஆட்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு ஆள் எண்ணிக்கை குறையும், தரம் குறையும், விமானம் ரத்தாகும். ரன்வே மூவாயிரம் மீட்டர் இருந்தாலும் ரத்துதான். பல பேர் "வானிலை காரணம்" என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போயிருப்பார்கள்.

எனவே ரன்வேக்குப் பணம் ஒதுக்கும்போது தீவு இளைஞர்களில் கூடுதலாக நாலு பேருக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வையுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பவளப்பாறை

தீவுக்காரி அக்கா லார்ட் ஹாவ் பற்றிச் சொன்னார். அதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1974-ல் ரன்வே வரும் வரை அங்கே கடலில் இறங்கும் விமானங்கள்தான் சிட்னியிலிருந்து வந்தன. ரன்வே 886 மீட்டர். 1982 முதல் உலகப் பாரம்பரியக் களம். ஒரே நேரத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் தங்க அனுமதி இல்லை. குறுகிய ரன்வே அங்கே ஒரு கதவாகவும் இருக்கிறது. ஜெட் இறங்கினால் அந்த வரம்பைக் காப்பாற்றுவது அரசியல் ரீதியாக எவ்வளவு கடினமாகிவிடும்! பெரிய விமானத்தின் இருக்கைகளைத் தீவு மக்களால் மட்டும் நிரப்ப முடியாது. நிரப்ப ஆள் தேடுவார்கள். ஆள் வந்தால் அறைகள், அறைகள் வந்தால் தண்ணீர், கழிவு. ரன்வே நீளத்தோடு இதையும் சேர்த்துத் தீவு மக்கள் முடிவு செய்யட்டும். அவர்கள் வேண்டும் என்றால் வேண்டும்தான், அந்த உரிமை அவர்களுடையது.

கணக்கப்பிள்ளை

தீவுக்காரி எழுப்பிய கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை: சிறு விமானங்கள் அழிந்தால் என்ன செய்வது? டிக்கெட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

முதலாவது. நிலைமை அவர் சொல்லும் அளவுக்கு இருட்டாக இல்லை. நின்றுபோன ட்வின் ஆட்டர் தயாரிப்பைப் புதிய 400 வரிசையாக மீண்டும் தொடங்கி, 2010-ல் விமானங்களைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2023-ல் கிளாசிக் 300-ஜி என்ற அடுத்த வடிவத்தையும் அறிவித்தார்கள். பாராவுக்குப் பறக்கும் இரண்டு ட்வின் ஆட்டர்களையும் 2015-ல் ஸ்காட்லாந்து அரசே வாங்கி, இயக்கும் பொறுப்பை மட்டும் விமான நிறுவனத்திடம் கொடுத்தது. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். நிறுவனம் மாறினாலும் தீவின் விமானம் தீவுக்கே இருக்கும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை "உங்கள் ரன்வேக்கு ஏற்ற விமானம் எங்களிடம் இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் தலையில் கைவைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, டிக்கெட். சாலை போட்டுவிட்டு அது லாபம் தருகிறதா என்று யாரும் கேட்பதில்லை, தீவுக்கு இந்த விமானம்தான் சாலை. பல நாடுகள் இதை ஒப்புக்கொண்டுவிட்டன. ஐரோப்பாவில் பொதுச்சேவைக் கடமை என்று வழித்தடத்தை அறிவித்து, வாரத்துக்கு எத்தனை பறப்பு, எத்தனை இருக்கை, அதிகபட்சக் கட்டணம் எவ்வளவு என்று நிபந்தனை போட்டு ஏலம் விடுகிறார்கள். அமெரிக்காவில் 1978-ல் விமானத்துறையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தபோதே, சிறு ஊர்களின் சேவை நின்றுவிடும் என்று தனி மானியம் ஏற்படுத்தினார்கள். இந்தியாவின் உடான் திட்டம் 2017-ல் பறக்கத் தொடங்கியது. அதிலும் நட்டத்தை ஈடுகட்டும் மானியம் உண்டு, ஆனால் ஒரு வழித்தடத்துக்கு மூன்று வருஷம் என்ற காலவரம்போடு. சமவெளி நகரத்துக்கு மூன்று வருஷத்தில் சந்தை உருவாகலாம். ஐந்நூறு பேர் உள்ள தீவில் மூன்று வருஷம் கழித்தும் ஐந்நூறு பேர்தானே இருப்பார்கள்? தீவுக்கான மானியத்துக்கு முடிவுத் தேதி போடுவது அநியாயம் என்பேன்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைசி நாள் வரை தீவு மக்களுக்கென்று சில இருக்கைகளை விற்காமல் வைத்திருக்க வேண்டும். காலையில் போய் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பும்படி நேரம் அமைய வேண்டும். பறப்பு ரத்தானால் மறுநாள் கூடுதல் பறப்பு வைக்கும் கடமையும் வேண்டும். தீவுக்காரி சொன்ன இறுதிச் சடங்கு வேதனைக்கு ரன்வே நீளம் மருந்தாகாது, இந்த ஷரத்துகள்தான் மருந்து.

தீவுக்காரி

அந்த கடைசி பத்தியை யாராவது எங்க ஒப்பந்தத்துல எழுதியிருந்தா எத்தனையோ பேர் கண்ணீர் மிச்சமாகியிருக்கும். விமானத்தை அரசே வாங்குறது நான் கேள்விப்படாத வழி. என் கருத்தைக் கொஞ்சம் மாத்திக்கிறேன்: நீட்டுறதுன்னா பெரிய விமானத்துக்காக இல்லாம, கற்காரை சொன்ன பாதுகாப்புப் பகுதிக்காக நீட்டணும். அது மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சின்ன விமானத்துல போறவங்க உயிரும் உயிர்தான்.

கரையோரன்

இதில் எனக்கும் உங்களுக்கும் இனி வேறுபாடே இல்லை அம்மா. பாதுகாப்புப் பகுதி குறைவாக உள்ள இடத்தில் அதைச் சரிசெய்வது எல்லாவற்றுக்கும் முந்தியது. நான் எதிர்ப்பது, காற்றுப் பதிவும் ஆள் பலமும் ஒப்பந்தமும் இல்லாமல் நீளத்தை மட்டும் வாக்குறுதியாகக் கொடுப்பதை.

இரவுப்பணி

தீவு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவள். பகல் விமானத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். பிரசவச் சிக்கலும் மாரடைப்பும் அட்டவணை பார்த்து வருவதில்லை. சூரியன் மறைந்ததும் ரன்வே மூடிவிட்டால், நோயாளியை விடியும் வரை நம் கையில் உள்ள மருந்தை வைத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த மணி நேரங்களில் உறவினர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது. பாரா கடற்கரையில்கூட அவசர இரவு இறக்கத்துக்கு வாகனங்களின் முகப்பு விளக்கையும் ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஸ்ட்ரெச்சர் ஏற்ற இருக்கைகளைக் கழற்ற வேண்டும். கதவு அகலம் போதுமா, ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்ட இடம் இருக்கிறதா, ஆம்புலன்ஸ் விமானம் வரை போக வாயில் திறந்திருக்குமா, அதன் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு அதுதான் பெரிய விஷயம்.

எதிர்காற்று சாரிடம் ஒரு கேள்வி. ஒரு தீவில் பணம் குறைவாக இருந்தால், இரவில் இறங்குவதற்கு எதிலிருந்து தொடங்க வேண்டும்?

எதிர்காற்று

நல்ல கேள்வி அம்மா. வரிசையாகச் சொல்கிறேன், இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

முதலில் ரன்வே ஓர விளக்குகளும் இரு முனை விளக்குகளும். இவை இல்லாமல் பேச்சே இல்லை. கூடவே, மின்சாரம் போனால் தானாக எடுக்கும் ஜெனரேட்டர். அடுத்து, விமானி சரியான சரிவில் வருகிறாரா என்று சிவப்பு வெள்ளை நிறத்தில் காட்டும் பாப்பி விளக்குகள். கடல்மேல் இருட்டில் வரும்போது கண்ணுக்கு எந்த அடையாளமும் கிடைக்காது, உயரத்தைத் தவறாக எடைபோட்டு ரன்வேக்கு முன்பே கீழே போய்விடும் ஆபத்து நிஜமானது. அந்த விளக்கை இரவுக்குக் கட்டாயம் என்றே நான் நினைக்கிறேன். பிறகு ஒளியூட்டிய காற்றுப்பை. பக்கத்தில் உள்ள கோபுரம், குன்று, உயர்ந்த தென்னை இவற்றை அளந்து, வெட்ட வேண்டியதை வெட்டி, மீதிக்குச் சிவப்பு விளக்கு.

செயற்கைக்கோள் வழியாக இறங்கும் முறையை வரையறுத்து வெளியிடுவதற்குத் தரையில் பெரிய கருவி எதுவும் வேண்டாம், அளவையும் ஒப்புதலும்தான் செலவு. முன்பு ரேடியோ கருவி வாங்க முடியாத நிலையங்களுக்கு இது பெரிய வரம்.

நுரைவண்டி

அதோடு ஒன்று. விளக்கு போட்டால் மட்டும் போதாது, இரவில் அழைத்தால் வந்து அதை எரிய வைத்து, ரன்வேயைச் சுற்றிப் பார்த்து, வண்டியில் உட்கார ஆள் வேண்டும். அழைப்புப் பட்டியலில் குறைந்தது இரண்டு குழு இருக்கட்டும். மாதம் ஒருமுறை மருத்துவமனையும் நாங்களும் சேர்ந்து இருட்டில் ஒத்திகை பார்க்க வேண்டும். சாவி விஷயத்தை அந்த ஒத்திகையிலேயே தீர்த்துவிடலாம் சகோதரி. ஒரு சாவி தீயணைப்பு அறையில், இன்னொன்று உங்கள் பணியறையில்.